ஷட்டரை இறக்கு, பாசியைப் பூசு

மாடல் செய்யும் பட்டறையில் சேர்ந்த முதல் மாதமே ஒன்று தெரிந்துவிடும்: தப்பு வராமல் யாராலும் ஒரு ரயில் பெட்டியோ ஸ்டேஷனோ செய்து முடிக்க முடியாது. வந்த தப்பை என்ன செய்கிறோம் என்பதில்தான் சம்பளம் இருக்கிறது. மயிலாடி கல்சிற்பிக்கு இந்தச் சலுகை கிடையாது. சிலையின் மூக்கு நுனி தெறித்தால் அது பின்னம், கோயிலுக்கு ஆகாது. அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் வேலை செய்கிற நமக்கு உண்டு. அதிலும் குமரி மாவட்டத்துக்காரருக்கு வருஷத்தில் இரண்டு பருவமழை. பாசி, செம்மண், உப்புக்காற்று எல்லாம் நம் தப்புக்கு வக்காலத்து வாங்கும்.

ஆகவே முதல் கேள்வி: இந்தத் தப்பை மழையும் வெயிலும் செய்திருக்குமா? செய்திருக்கும் என்றால் மறைக்கலாம். அளவுகோல் செய்த தப்பென்றால் பிரித்துவிட வேண்டியதுதான்.

எச்.ஓ. அளவு என்பது 1:87. இதில் ஒரு மில்லிமீட்டர் இடுக்கு, நிஜத்தில் நாலு விரல் நுழையும் சந்து. புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது சுவர் தரையைத் தொடும் இடத்தில்; வீடு அந்தரத்தில் நிற்கும். பசையைத் திணிக்காதீர்கள். தக்கலைப் பக்கம் மழைக்காலத்தில் வெள்ளையடித்த சுவரைப் பாருங்கள், முட்டளவுக்குச் செம்மண் தெறித்திருக்கும். முட்டளவு என்பது மாடலில் ஐந்தே மி.மீ. செம்மண்ணைப் பழைய வேட்டித் துணியில் சலித்து இடுக்கில் தூவுங்கள். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, சிரிஞ்சில் எடுத்து மண்ணில் விடுங்கள். காய்ந்ததும் அதே மண்ணை லேசான ஈரப் பிரஷ்ஷில் தொட்டுக் கீழிருந்து மேலே தட்டுங்கள். மேலே போகப் போகக் குறைய வேண்டும். கோடு போட்டாற்போல் நின்றால் பெயிண்ட் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

பெட்டியில் பெரிய தொல்லை ஃபெவிக்விக் புகை. ஜன்னல் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலம் விழுந்தால் துடைத்தாலும் போகாது. நம் ஸ்லீப்பர் பெட்டியில்தான் ஷட்டர் இருக்கிறதே! கோடு கீறிய அட்டைத் துண்டால் அந்த ஜன்னலின் ஷட்டரை இறக்கிவிடுங்கள். பக்கத்து ஜன்னலில் பாதி இறக்கினால் இன்னும் நம்பும்படி இருக்கும். ஆரல்வாய்மொழியில் காற்று அடிக்கும்போது பயணிகள் செய்வதும் அதுதான். ஏ.சி. பெட்டியில் இந்த வித்தை செல்லாது, கண்ணாடியை மாற்றியே ஆகவேண்டும்.

மூலைப் பொருத்து விலகினால் சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விடுங்கள். கல்லாக இறுகும், அரம் போடலாம். நேரமில்லையா, ஒரு மழைநீர்க் குழாய் வையுங்கள். ஒரே ஒரு மூலையில்தான். "மக்கா, எல்லா மூலையிலயும் குழாய் வச்சா அது வீடு இல்ல, பைப் கடை" என்று மூத்தவர்கள் கிண்டல் செய்வார்கள். கோணலாக ஒட்டிய ஓட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். நேரான ஓட்டுக்கூரையை எந்த ஊரில் பார்த்தீர்கள்?

சக்கர இடைவெளி, கப்ளிங் உயரம், வளைவில் திரும்பாத போகி: இவற்றின் மேல் எவ்வளவு துரு பூசினாலும் வண்டி தடம் புரளும். சரித்திரத் தப்பும் அப்படித்தான். திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதை 1979-இல் அகலப்பாதையாகவே திறக்கப்பட்டது. நாகர்கோவில் ஸ்டேஷனில் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினால் எந்தப் பாசியும் காப்பாற்றாது. ஒரு பொய்யை மட்டும் தொழிலே ஒத்துக்கொண்டிருக்கிறது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; 1:87-இல் 19.3 மி.மீ. வரவேண்டும். எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ.தான். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் ஒல்லித் தண்டவாளத்தில்தான் ஓடும். வாடிக்கையாளர் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

பில்டருக்கு விற்பனை மாடல் செய்யும்போது சங்கதி வேறு. அங்கே அறை அளவோ ரோட்டு அகலமோ பிசகியதைச் செடி வைத்து மறைத்தால், வீடு வாங்குகிறவரை ஏமாற்றியதாகும். முதலாளியிடம் அன்றைக்கே சொல்லி ஒரு நாள் கூடுதலாகக் கேளுங்கள். டெலிவரி அன்று காலையில் சொன்னால் திட்டு நிச்சயம்.

அனுப்பும் முன் செல்போனைக் கிட்டே வைத்து நாலு பக்கமும் படம் எடுத்துப் பாருங்கள். கண் விட்டதைக் கேமரா விடாது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதும் முதலில் செய்யப்போவதும் அதைத்தான்.