மனச்சிதைவும் அவதானப் பயிற்சியும்

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டியதை நம் துறை மாணவர் நன்கறிவர். நூறு செய்திகளை ஒருசேர உள்ளத்தில் ஏற்று ஒன்றையும் நழுவவிடாத பேராற்றல் அது. அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்பதே பொருள். நூற்றைத் தாங்கிய உள்ளத்தைப் போற்றும் நாம், ஒன்றைத் தாங்குதற்கே போராடும் உள்ளங்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

நாமும் எண்ணிப் பார்க்கவில்லை. சில ஆண்டுகட்கு முன் நம் வகுப்பில் பயின்ற இளைஞர் ஒருவர் மனநோய்க்கு மருத்துவம் பெற்று மீண்டும் வகுப்புக்கு வந்தார். யாரோ தம்மைத் திட்டுவதாகக் கேட்ட குரல்கள் மருந்தினால் ஓய்ந்துவிட்டன. ஆயினும் குறிப்பெடுக்கச் சொன்னால் இரண்டு வரியோடு எழுதுகோல் நின்றுவிடும். "நோய் போயிற்று, சோம்பல் வந்து சேர்ந்தது" என்று அவர் தந்தையார் வருந்தினார். நாமும் அவ்வாறே கருதி, வகுப்பில் பலர் அறியக் கடிந்துரைத்தோம். அது பெரும்பிழை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

குரல் ஓய்ந்த பின்

செருமானிய மருத்துவர் கிரேப்பலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயை விரித்துரைத்தபோது, 'இளமையில் நேரும் அறிவுத் தேய்வு' எனப் பொருள்படும் பெயரால் குறித்தார். 1908-இல் சுவிட்சர்லாந்தின் புளூலர் 'ஸ்கிசோஃப்ரினியா' என்னும் பெயரைப் படைத்தார். பிளவு, மனம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. நம் மனச்சிதைவு என்னும் சொல் அதன் தமிழாக்கமே. (ஒருவருக்குள் இருவர் வாழ்வதாகத் திரைப்படங்கள் காட்டும் கதைக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 1952-இல் பாரிசு நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயனைக் கண்டறிந்தபின் மாயக்குரல்களையும் பொய்யான ஐயங்களையும் தணிக்க வழி பிறந்தது. ஆயின் கவனம், நினைவு, திட்டமிடல் ஆகியவற்றில் நேரும் தளர்ச்சியை இம்மருந்துகள் பெரிதும் நீக்குவதில்லை. வேலையில் நிலைப்பதையும் படிப்பைத் தொடர்வதையும் பலருக்கு அரிதாக்குவது இத்தளர்ச்சியே. வீட்டார் கண்ணுக்குச் சோம்பலாகத் தோன்றுவதும் பெரும்பாலும் இதுவே.

பயிற்சியின் இயல்பு

இத்தளர்ச்சியைக் குறைக்க முயல்வதே அறிதிறன் பயிற்சி. இலண்டன் கிங்சு கல்லூரிப் பேராசிரியை டில் வைக்சு இத்துறையில் முன்னின்று உழைத்தவருள் ஒருவர். எழுதுகோலும் தாளும் கொண்டும் நடத்தலாம். கணினி கொண்டும் நடத்தலாம். பெரும்பாலும் வாரத்திற்கு இரண்டு மூன்று அமர்வுகளாகச் சில மாதங்கள் நடைபெறும்.

கடையில் ஐந்து பொருள் வாங்கச் சென்றவர் இரண்டோடு திரும்புகிறார் என்று கொள்வோம். பட்டியலை நூறுமுறை ஒப்புவிக்கச் செய்வது பயிற்சியன்று. "எவ்வாறு நினைவிற் கொள்ளப் போகிறீர்கள்?" என்று பயிற்றுநர் முதலில் வினவுவார். சமையலுக்கு மூன்று, குளியலுக்கு இரண்டு எனப் பகுத்துக்கொள்ளலாம் என்பதை அவரே கண்டடையச் செய்வார். செய்யும் செயலை முதலில் வாய்விட்டுச் சொல்லி, பின்னர் முணுமுணுத்து, இறுதியில் மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொள்ளப் பழக்குவார். எளியவற்றில் தொடங்கி, வெற்றி கைகூடுமாறு பார்த்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் கடினத்தைக் கூட்டுவார். முடிந்தபின், எந்த வழி உதவிற்று, அதனை வீட்டில் எங்கே கையாளலாம் என்றும் கேட்பார். எதுகையும் மோனையும் அந்தாதித் தொடையும் நினைவுக்குக் கைப்பிடியாக அமைந்த மரபில் வந்த நமக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று.

பயன் உண்டா என்பதே பெற்றோர் கேட்கும் முதல் வினா. 2011-இல் வைக்சு குழுவினர் 2,104 பேர் பங்குகொண்ட 40 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். 2021-இல் இத்தாலியின் விட்டா குழுவினர் 8,851 பேரை உள்ளடக்கிய 130 ஆய்வுகளைத் தொகுத்தனர். அறிதிறனிலும் அன்றாடச் செயற்பாட்டிலும் முன்னேற்றம் உண்டு என்பதே இரண்டின் முடிபும். அம்முன்னேற்றம் பேரளவினதன்று, இதனை மறைத்தல் நேர்மையாகாது. மாயக்குரல் முதலியவற்றை இப்பயிற்சி தணித்துவிடும் என எதிர்பார்ப்பதற்குமில்லை. எனவே மருந்தை நிறுத்திவிட்டு இதனை மேற்கொள்ளலாகாது.

அவ்வாய்வு கூறும் வேறிரண்டு செய்திகள் ஆசிரியராகிய நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தன. தேர்ந்த பயிற்றுநர் உடனிருந்து வழிநடத்துமிடத்தும், தொழிற்பயிற்சி போன்ற மறுவாழ்வுப் பணிகளோடு இணைத்து நடத்துமிடத்தும் பயன் மிகுகிறது. ஆகவே கணினி விளையாட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பிள்ளையைத் தனியே அறையில் அமர்த்துவது இதற்கு ஈடாகாது. மற்றொன்று, பள்ளிப் படிப்புக் குறைந்தவர்களும் நோய்க்குறி மிகுந்தவர்களும் கூடுதலாகப் பயனடைகின்றனர் என்பது. "இவனுக்கு இனி என்ன ஏறப்போகிறது?" என்று நம் இல்லங்களில் சொல்வதற்கு இது நேர்மாறு.

அவ்விளைஞர்க்கு அவர்தம் மருத்துவர் இத்தகைய பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருந்தார். அதனை அறிந்தபின் நாம் செய்தது சிறிதே. பாடத்தின் மூன்று கருத்துகளை முன்னதாகவே கரும்பலகையில் எழுதினோம்; ஒரு கருத்து முடிந்த பின்னரே அடுத்ததற்குச் சென்றோம். (மற்ற மாணவர்க்கும் அது பிடித்திருந்தது என்பது வேறு.) முன்பு கடிந்துகொண்டமைக்காக அவரிடம் தனியே வருத்தமும் தெரிவித்தோம். அவர் மறுமொழி ஏதும் கூறவில்லை.

அடுத்த பருவத்தில் ஒருநாள், நன்னூல் நூற்பா ஒன்றுக்குப் பொருளெழுத அவரே முன்வந்தார். பாதியில் சுண்ணக்கட்டி நின்றது. வகுப்பு அமைதியாயிற்று. அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. பின்னர் எஞ்சிய இரண்டு வரிகளையும் எழுதிவிட்டு வந்து தம் இடத்தில் அமர்ந்தார்.