கிழவன் பிடித்தது பெண் மீன்

தூத்துக்குடியிலிருந்து எழுதிய அன்பருக்கு,

அக்டோபரில் பிரிஸ்பேனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறீர்கள். அப்படியே வடக்கே கெய்ன்ஸுக்கும் போய், ஒரு நாளாவது படகு பிடித்து, மார்லின் ஒன்றைத் தூண்டிலில் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ படித்த நாளிலிருந்து மனதில் கிடக்கும் ஆசை என்கிறீர்கள். பிடித்த மீனைத் துறைமுகத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்த நீளமான கடிதம்.

மாதத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். கருப்பு மார்லினுக்கு அங்கே பருவம் செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் முதல் வாரங்கள் வரை. அக்டோபரும் நவம்பரும் அதன் உச்சம். இடம், கெய்ன்ஸிலிருந்து வடக்கே சுமார் 240 கிலோமீட்டரில் உள்ள லிசார்ட் தீவு வரைக்கும் நீளும் பவளத்திட்டுகளின் வெளி விளிம்பு. ரிப்பன் ரீஃப் என்று பெயரிட்டு, வரிசை எண் போட்டிருக்கும் திட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. 1770இல் கேப்டன் குக் இந்தத் திட்டுகளுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியேற வழி தெரியாமல், லிசார்ட் தீவின் குன்றில் ஏறி நின்று கடலைப் பார்த்தார். அவர் தேடிய அந்த விளிம்புக்கு அப்பால்தான் இன்று படகுகள் மெதுவாக இரையை இழுத்துக்கொண்டு போகின்றன. விளிம்பைத் தாண்டியதும் ஆழம் சட்டென்று நூற்றுக்கணக்கான மீட்டருக்கு இறங்கிவிடும். தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசும். தூத்துக்குடிக்காரருக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முயல் தீவுக்குப் போய்வந்த வயிறு இதைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். மாத்திரையை முதல் நாள் இரவே போட்டுக்கொள்ளுங்கள்.

இரையைக் கேட்டால் உங்களுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். முழுச் சூரை, முழுச் சீலா. உங்கள் ஊர்ச் சீலாவேதான், சென்னையில் வஞ்சிரம் என்று விலை ஏற்றி விற்கிறார்களே, அதே இனம். நம் வீட்டு விசேஷங்களில் ஆளுக்கு இத்தனை துண்டு என்று கணக்குப் பார்த்துப் பரிமாறும் மீனை அங்கே முழுசாக முள்ளில் தைத்து விடுவதுண்டு. அதை விழுங்க வரும் வாய் எவ்வளவு பெரிதென்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடலின் பெயரை உலகுக்குச் சொன்னவர் ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்ட் என்ற அமெரிக்கர். 1966 செப்டம்பரில் அவருடைய ‘சீ பேபி’ படகில் 1,064 பவுண்டு, அதாவது 482 கிலோ, எடையுள்ள கருப்பு மார்லின் பிடிபட்டது. ஆயிரம் பவுண்டு மீன் என்றால் அதுவரை பெருவின் காபோ பிளாங்கோதான் பேச்சு. செய்தி பரவியதும் பணக்காரர்கள் கெய்ன்ஸுக்குக் கிளம்பினார்கள். ஹாலிவுட் நடிகர் லீ மார்வின் திரும்பத் திரும்ப வந்துபோனார். அப்போதெல்லாம் நீங்கள் கேட்கும் படம் மிகச் சாதாரணம்: தராசுக் கம்பத்தில் தலைகீழாகத் தொங்கும் மீன், உடம்பில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய எடை, பக்கத்தில் சிரிக்கும் மனிதர்.

இவ்வளவு பெரிய மீன்கள் குறிப்பிட்ட சில மாதங்களில், குறிப்பிட்ட அந்த விளிம்பில் மட்டும் ஏன் கூடுகின்றன? முட்டையிட வருகின்றன. ஒரு பெரிய பெண் மீனின் பின்னால் சிறிய ஆண்கள் சில தொடர்ந்து நீந்துவதை அங்குள்ள கேப்டன்கள் கண்டிருக்கிறார்கள். கருப்பு மார்லினில் ஆண் இருநூறு கிலோவைத் தொடுவதே அபூர்வம். ஐந்நூறு கிலோ, எழுநூறு கிலோ என்று பேசப்படும் மீன் எல்லாமே பெண். நீல மார்லினிலும் இதே கதைதான். ஒரு பெரிய தாய்மீன் கோடிக்கணக்கில் முட்டை சுமக்கிறது. பிறகு குஞ்சுகள் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டத்தோடு தெற்கே போகின்றன. டவுன்ஸ்வில் பக்கத்தில் குளிர்கால மாதங்களில் இருபது கிலோ அளவிலான இளம் மார்லின்கள் தென்படுகின்றன. ஆக, நீங்கள் கொக்கியில் பார்க்க ஆசைப்படும் அந்த மீன், பிரசவத்துக்கு வந்த இடத்தில் மடக்கப்பட்ட தாய்.

அப்படியானால் ஹெமிங்வே கதையின் சாண்டியாகோ கிழவன் பிடித்தது? அவன் அதை ஆணாகவே நினைத்து, தம்பி என்று கூப்பிட்டுப் பேசுகிறான். ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் என்று அவனே கணக்குப் போடுகிறான்; பதினெட்டு அடி நீளம் என்று கரையில் ஒரு மீனவர் அளந்து சொல்கிறார். அட்லாண்டிக்கில் விதிப்படி பிடித்துப் பதிவான மிகப் பெரிய நீல மார்லின் 1992இல் பிரேசிலின் விட்டோரியா அருகே கிடைத்தது, 1,402 பவுண்டு. கிழவனின் மீன் அதைவிடப் பெரிது. அந்த எடையில் ஆண் கிடையாது. ஹெமிங்வே மார்லினை விடாமல் பிடித்தவர், கவனித்தவர். ஆனாலும் கதைக்கு ஆண்தான் தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கத்தில் ஹெமிங்வே துணைத் தலைவராக இருந்தவர். அந்தச் சங்கத்தின் விதிப்படி பார்த்தால் சாண்டியாகோவின் மீன் சாதனைப் பட்டியலில் ஏறாது. கோலும் ரீலும் இல்லாமல் கையால் கயிறு பிடித்தான், அது ஒன்று. ஈட்டி பாய்ச்சிக் கொன்றான்; அது இரண்டு. சுறா கடித்துச் சிதைத்த மீன் செல்லாது; அது மூன்று. கடைசி விதியை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஜூனில் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடக்கும் ‘பிக் ராக்’ போட்டியில் ஒரு படகு 619.4 பவுண்டு நீல மார்லினைக் கரை சேர்த்தது. சுறா கடித்த அடையாளம் இருந்ததால் மீன் தள்ளுபடி. போனது சுமார் 35 லட்சம் டாலர் பரிசு. அந்த மீனும் செத்ததுதான் மிச்சம்.

சாண்டியாகோவை நாம் மன்னிக்கிறோம். அவனுக்கு மீன் என்பது சோறு. தருவைக்குளத்திலிருந்து வலை எடுத்துப் போய் மயில் மீனோடு திரும்புகிறவரையும் நான் கேள்வி கேட்க மாட்டேன். வயிற்றுக்கு அல்ல, சுவருக்கு மாட்டப் பிடிக்கிறவரிடம்தான் எனக்கு வழக்கு. கருப்பு மார்லினில் இன்றைக்கும் உடையாத சாதனை ஆல்ஃபிரட் கிளாசெல் 1953 ஆகஸ்ட் 4 அன்று காபோ பிளாங்கோவில் பிடித்த 1,560 பவுண்டு மீன். 1958இல் வந்த கிழவன் படத்தில் அந்த மீன் துள்ளும் காட்சிகளைச் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் பெண்ணாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இனி நல்ல செய்தி. கெய்ன்ஸ் மாறிவிட்டது. அங்கே இப்போது பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விட்டுவிடுவதுதான் வழக்கம். நீங்கள் நாற்காலியில் பட்டை கட்டி உட்காருவீர்கள். 60 கிலோ இழுவை தாங்கும் நரம்பு. கேப்டன் படகைப் பின்னோக்கிச் செலுத்தி மீனைத் துரத்துவார். பாதி வேலை அவருடையது என்பதைப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் சொல்வதில்லை. மீன் அருகே வந்ததும் உதவியாள் ஒருவர் கையுறை போட்ட கையால் நரம்பின் கடைசித் தடித்த பகுதியைப் பிடிப்பார். பிடித்த கணமே மீன் உங்கள் கணக்கில் வந்துவிடும். முதுகுத் துடுப்பருகே ஓர் அடையாளச் சீட்டைக் குத்தி, எடையைக் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லி, விட்டுவிடுவார்கள். நியூ சவுத் வேல்ஸ் மீன்வளத் துறை 1973இல் தொடங்கிய திட்டம் இந்த அடையாளச் சீட்டுக்கு வழி செய்தது. மீண்டும் அகப்படுபவை கொஞ்சம்தான். ஆனால் இந்த மீன் பசிபிக்கில் எவ்வளவு தொலைவு அலைகிறது என்பதை அந்தச் சீட்டுகளே காட்டின. ஆஸ்திரேலிய நீர்ப்பரப்பில் வணிகப் படகுகள் கருப்பு, நீல மார்லின்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற தடையும் 1998இல் வந்தது.

விட்டுவிட்டால் பாவம் தீர்ந்ததா என்று நீங்கள் கேட்கலாம். தீரவில்லை. மார்லின் வாயைத் திறந்தபடி நீந்தினால்தான் செவுளில் நீர் ஓடும். நின்றால் மூச்சு நிற்கும். மணிக்கணக்கில் இழுபட்டுக் களைத்த மீனை அப்படியே விட்டால் மூழ்கிச் சாகலாம், சுறாவுக்குப் போகலாம். அந்த விளிம்பில் சுறாக்களுக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் நல்ல படகுக்காரர்கள் சண்டையைச் சுருக்கமாக முடிக்கிறார்கள். தளர்ந்த மீனைப் பக்கத்தில் பிடித்தபடி படகை மெதுவாக ஓட்டி, அதற்குத் தெம்பு வந்த பிறகே கையை எடுக்கிறார்கள். முள்ளும் முக்கியம். உள்நோக்கி வளைந்த வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும்; நேர் முள் குடல்வரை இறங்கிவிடும். அமெரிக்காவில் அட்லாண்டிக் போட்டிகளில் இயற்கை இரைக்கு வட்ட முள்ளையே 2008 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். மீனைப் படகுக்குள் தூக்கிப் படம் எடுப்பது எல்லாவற்றிலும் மோசம். அத்தனை எடைக்குத் தண்ணீர்தான் தாங்கல், வெளியே எடுத்தால் உள்ளுறுப்பு நசுங்கும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் சில மீன்கள் சாகத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொண்டு போகிறவர் போகட்டும். நான் தடுக்க மாட்டேன். புனிதமான விளையாட்டு என்றும் சொல்ல மாட்டேன்.

செலவைக் கேட்டிருந்தீர்கள். பெரிய மார்லினுக்கான படகின் ஒரு நாள் வாடகை பல ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். தனியாக எடுக்காதீர்கள், மகனையும் அவர் நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஒரு மீனும் தொடாமல் திரும்பலாம். பணம் திரும்பி வராது. உங்கள் வயதில் அந்த நாற்காலி முதுகுக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னால், கோலை மகனிடம் கொடுத்துவிட்டு மேல்தளத்தில் கேப்டன் பக்கத்தில் நில்லுங்கள். இரைக்குப் பின்னால் மீன் எழுந்து வருவதை அங்கிருந்துதான் நன்றாகப் பார்க்க முடியும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் படகுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மீனைத் தண்ணீரிலேயே வைத்து விடுவிப்பீர்களா? வட்ட முள்தானா? களைத்த மீனை நீந்தவிட்டுத் தேற்றி அனுப்புவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் போங்கள். தராசில் தூக்கிக் காட்டுகிறேன் என்று ஆசை காட்டுகிறவர் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும், அவர் படகில் ஏறாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதக்காரன்