பை கலங்கினால் காத்திராதீர்கள்: வயிற்றறை டயாலிசிஸில் அரிய தொற்றுகள்

வயிற்றறை டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு நாங்கள் முதல் நாளிலேயே கற்றுத்தரும் பாடம் ஒன்று உண்டு. வடிந்த திரவப் பையின் அடியில் அச்சிட்ட தாளை வைத்தால் எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிடில், வேறு காரணம் உறுதியாகும் வரை அதனைத் தொற்று என்றே கருத வேண்டும்.

பெரும்பாலான தொற்றுகள் நம் தோலில் வாழும் பாக்டீரியாக்களால் நேர்பவை. தகுந்த மருந்து தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில் திரவம் தெளியத் தொடங்கும். 5 நாட்களுக்குப் பின்னும் தெளியாவிடில், குழாயை அகற்றுவது குறித்து முடிவெடுக்க நேரும். சில வேளைகளில் இதற்குக் காரணம் அரிதான கிருமிகளாக இருக்கும்.

பூஞ்சை: ஆன்டிபயாடிக் மருந்து உட்கொண்ட பின்னரே இது பெரும்பாலும் தோன்றுகிறது. மருந்து மட்டும் போதாது. குழாயை விரைந்து அகற்றியாக வேண்டும். அதுவரை வீட்டில் சிகிச்சை பெற்றவர் இரத்த டயாலிசிஸுக்கு மாற நேரிடும். எனவே, சளி, காய்ச்சலுக்குக்கூட மருந்துக்கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி உட்கொள்ளலாகாது.

காசநோய்: இருமல் இல்லாமலும் வயிற்றறையில் காசநோய் வரலாம். மெல்லிய காய்ச்சல், வயிற்று வலி, எடை குறைதல், தெளியாத திரவம் ஆகியவை இதன் அறிகுறிகள். வழக்கமான கிருமி வளர்ப்புச் சோதனையில் இது புலப்படாது. தனிச் சோதனைகள் தேவை. உரிய காலத்தில் கண்டறிந்தால் பலருக்குக் குழாயை அகற்றாமலேயே குணப்படுத்த இயலும்.

வளர்ப்பு விலங்குகள்: பூனையின் வாயில் வாழும் பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியா, பூனை குழாயைக் கடிப்பதாலோ பிறாண்டுவதாலோ வயிற்றறையை அடையக்கூடும். பை மாற்றும் அறையிலும், இரவில் இயந்திரம் இயங்கும் அறையிலும் பூனை, நாய்களை அனுமதிக்க வேண்டாம்.

கலங்கிய திரவம் அனைத்தும் தொற்றன்று. சில இரத்த அழுத்த மருந்துகளால் அது பால் போலத் தோன்றுவதுண்டு. ஒவ்வாமை சார்ந்த அணுக்கள் மிகுவதாலும் கலங்கலாம். ஆயினும் இந்த வேறுபாட்டை ஆய்வகமே கூற முடியும். வெறும் கண்ணால் அறிய இயலாது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. காய்ச்சலோ வலியோ வரட்டும் என்று காத்திராமல், இரவாயினும் உடனே எங்கள் பிரிவுக்குத் தெரிவியுங்கள்.

2. கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் மூடி, கையோடு கொண்டுவாருங்கள். முதல் வேளை ஆன்டிபயாடிக்குக்கு முன் எடுக்கும் மாதிரியில்தான் கிருமியை அடையாளம் காணும் வாய்ப்பு மிகுதி.

3. குழாயில் ஓட்டை விழுந்தாலோ இணைப்பு கழன்றாலோ, பழுதான இடத்துக்கும் உடலுக்கும் இடையில் கிளிப்பால் இறுக்குங்கள். திரவம் ஏற்றாமல் புறப்பட்டு வாருங்கள்.

4. அண்மையில் உட்கொண்ட மருந்துகள், வீட்டிலுள்ள விலங்குகள், குடும்பத்தில் எவருக்கேனும் இருந்த காசநோய் ஆகியவற்றைத் தயங்காமல் கூறுங்கள்.

தொற்று நீடித்தால் வயிற்று உள்சவ்வு தழும்பேறி, இச்சிகிச்சையே இயலாமற் போகலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஒவ்வொரு முறை பை மாற்றும்போதும் திரவத்தை ஒளியில் உற்றுப் பாருங்கள். பார்வை குறைந்தவர்களுக்காக இல்லத்தார் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.