மோதும் கற்றைகளும் மோதாத துகள்களும்

முன்னுரை

இரு பொருள்கள் எதிரெதிரே வந்து முட்டுவதை மோதல் என்கிறோம். முட்டாமல் கடந்து சென்றால் அவை ஒன்றையொன்று தீண்டவில்லை எனக் கருதுகிறோம். துகள் முடுக்கிகளில் இக்கருத்துப் பொருந்துவதில்லை. அங்கே மோதுகின்றவை மிகச் சில. மோதாமல் கடப்பவையே மிகப் பல. எனினும் கடந்து செல்லும் ஒவ்வொரு துகளும் எதிரே வந்த கூட்டத்தால் சற்றே நிலை மாறிவிடுகிறது. ஆய்வின் வெற்றிக்கு வரம்பு கட்டும் இம்மாற்றத்தின் இயல்பை ஈண்டுக் காண்போம்.

கற்றையின் அமைப்பு

ஜெனீவா நகருக்கு அருகே, சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் எல்லையில், செர்ன் நிறுவனத்தின் பெரிய ஹேட்ரான் மோதல் முடுக்கி அமைந்துள்ளது. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அந்நிலத்தடி வளையத்துள் இரு புரோட்டான் கற்றைகள் எதிரெதிர்த் திசைகளில், ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுற்றுமாறு அமைத்துள்ளனர். கற்றை என்பது வரிசையாகச் செல்லும் கொத்துகளால் ஆனது. வடிவமைப்பின்படி ஒரு கற்றையில் 2808 கொத்துகள். ஒவ்வொரு கொத்திலும் ஏறத்தாழ 11,500 கோடி புரோட்டான்கள். மோதுமிடத்தில் அவற்றைத் தலைமயிரினும் நுண்ணிதாகக் குவிக்கின்றனர். அவ்வாறு குவித்தும், இரு கொத்துகள் ஒருமுறை ஊடுருவிக் கடக்கையில் நேர்பவை சில பத்து மோதல்களே.

2012ஆம் ஆண்டில் அங்குக் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளோ நூறு கோடிக்கும் மேற்பட்ட மோதல்களுக்கு ஒருமுறையே பிறக்கக்கூடியது. ஆதலின் துகள்களை மேலும் மேலும் நெருக்குவதே ஆய்வாளரின் வேட்கை. இடர்ப்பாடும் அங்கேதான் தொடங்குகிறது.

புலப்படாத விசை

புரோட்டான்கள் யாவும் நேர் மின்னூட்டம் உடையவை. எனவே ஒன்றையொன்று விலக்கும். உடன் செல்லும் துகள்களிடையே, அவற்றின் ஓட்டத்தால் உண்டாகும் காந்தவிசை ஈர்ப்பாக அமைந்து, இவ்விலக்கத்தைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. எதிரே வரும் கற்றையிடத்து நிலைமை மாறுகிறது. அங்கு மின்விசை, காந்தவிசை ஆகிய இரண்டும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. எதிர்க்கற்றை ஒரு குழிவில்லை போல் துகள்களை விரிக்கிறது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதும் முடுக்கிகளில் மின்னூட்டங்கள் வேறுபடுவதால் அது குவிவில்லை போல் செயற்படும்.

இவ்வில்லை ஒழுங்கற்றது. கற்றையின் நடுவில், விலகும் தொலைவுக்கேற்ப விசை சீராக மிகுகிறது; ஓர் எல்லைக்கு அப்பால் குறையத் தொடங்குகிறது. ஆகவே வளையத்தின் காந்தங்களைக் கொண்டு இதனை முழுதும் சரிசெய்ய இயலாது.

அலைவும் ஒத்ததிர்வும்

வளையத்தில் சுற்றும் துகள், காந்தங்களால் கட்டுண்டு, தன் பாதையின் இருபுறமும் அலைந்தவாறே செல்கிறது. வடிவமைப்பின்படி ஒரு சுற்றுக்குப் பக்கவாட்டில் 64.31 அலைவுகள், மேல்கீழாக 59.32. இப்பின்னங்களுக்குப் பொருள் உண்டு. அலைவுகள் முழு எண்ணாக அமைந்தால், துகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நிலையில் வந்து ஒரே தள்ளலைப் பெறும். காலமறிந்து தள்ளப்படும் ஊஞ்சல் உயர்ந்துகொண்டே போவதுபோல அலைவு பெருகி, துகள் கற்றையை விட்டு நீங்கிவிடும். சில எளிய பின்னங்களும் இத்தீங்கை விளைக்கும். எதிர்க்கற்றையின் தள்ளல் இவ்வெண்ணையே மாற்றிவிடுகிறது. நடுவிலுள்ள துகளுக்கு மிகுதியாகவும் விளிம்பிலுள்ளதற்குக் குறைவாகவும் மாற்றுகிறது. மாற்றம் ஏறத்தாழ 0.01 என்னும் அளவினதே. எனினும் நொடிக்கு 11,245 முறை சுற்றும் துகளுக்கு அது சிறிதன்று.

தீர்வுகள்

மோதுமிடத்தின் இருபுறமும் கற்றைகள் ஒரே குழாயில் செல்வதால், கொத்துகள் வேண்டாத இடங்களிலும் எதிர்ப்படுகின்றன. அதைத் தவிர்க்கச் சிறு கோணத்தில் கற்றைகளைக் குறுக்கிடச் செய்கின்றனர். அப்போதும் அவை விலகி நின்றே ஒன்றையொன்று தள்ளுகின்றன; கோணத்தைப் பெருக்கினாலோ மோதல் குறைகிறது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தினர் 2015இல் வேறொரு வழியைக் கையாண்டனர். எதிர் மின்னூட்டமுடைய எலெக்ட்ரான் கற்றையைப் புரோட்டான்களின் வழியில் செலுத்தி, விலக்கத்தை ஈர்ப்பால் தணித்தனர்.

முடிவுரை

ஒருமுறை செலுத்திய கற்றை பல மணி நேரம் சுற்றிவர வேண்டும். இச்சுற்றில் மோதாத துகளே இனிவரும் சுற்றொன்றில் மோத வேண்டியது. ஆகவே மோதலுக்கென்றே கொணரப்பட்ட கற்றைகளில், மோதாதவற்றைப் பேணிக் காப்பதே பெரும்பணியாகிறது. அளவறிந்து நெருக்குவோர்க்கே அரிய துகள்கள் அகப்படும்.