பெரிய வகுப்பில் குழு வினாடி வினா

கேள்வி: நூறு பேருக்கு மேல் உள்ள கல்லூரி வகுப்பில் எல்லா மாணவர்களையும் பங்கேற்க வைக்கக் குழு வினாடி வினா உதவுமா?

பதில்: பெரிய வகுப்புக்கென்றே வளர்ந்த முறை அது. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லாரி மைக்கேல்சனின் வகுப்பு 40 பேரிலிருந்து 120 பேராகப் பெருகியது. வெறும் விரிவுரைக்கு மாறாமல், குழுக்களைக் கொண்டே வகுப்பை நடத்தும் வழியை அவர் வகுத்தார்.

மாணவர்கள் பாடத்தை முன்கூட்டியே படித்து வருவார்கள். முதலில் ஒவ்வொருவரும் தனியாகக் கொள்குறி வினாக்களுக்கு விடையெழுதித் தாளைக் கொடுத்துவிட வேண்டும். உடனே அதே வினாக்களுக்கு 5 முதல் 7 பேர் கொண்ட குழு கூடிப் பேசி விடை காணும். குழுவுக்கு ஒரே சுரண்டும் அட்டை, அதில் ஒவ்வொரு விடைத் தெரிவுக்கும் ஒரு மூடிய கட்டம். முடிவு செய்த கட்டத்தை நாணயத்தால் சுரண்டும்போது நட்சத்திரம் தெரிந்தால் விடை சரி. வெறுமையாக இருந்தால் மறுபடி விவாதித்து அடுத்த கட்டத்தைச் சுரண்டலாம், மதிப்பெண் குறையும். கற்றல் நடப்பது இங்கேதான். விடை ‘ஆ’தான் என்று அடித்துச் சொல்லும் மாணவி காரணமும் சொல்லியாக வேண்டும். வாய் திறக்காத கடைசி வரிசை மாணவரின் தனி விடை சரியென்று தெரிந்தால், அடுத்த வினாவில் குழு அவரைத்தான் முதலில் கேட்கும்.

தனித்தேர்வு மதிப்பெண்ணும் கணக்கில் சேர வேண்டும். இல்லையேல் படிக்காதவர் பிறர் உழைப்பில் தப்பித்துக்கொள்வார். குழுக்களை ஆசிரியரே பிரித்து, பருவம் முடியும்வரை மாற்றாமல் வைப்பது நல்லது. மனப்பாட வினாக்கள் இதற்கு உதவா. அவற்றில் விவாதிக்க ஒன்றுமில்லை. முதல் சுற்றை மதிப்பெண் இல்லாமல் நடத்தித் தொடங்கலாம்.