உப்பைக் குறைத்தோம், மணத்தைக் கூட்டினோம்

உப்பைக் குறைக்கச் சொல்வது எளிது. குறைத்துச் சமைத்ததை வீட்டில் இருப்பவர்கள் மனதாரச் சாப்பிட வேண்டுமே, அதுதான் கடினம். என் மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்ததும், மாத்திரையோடு உப்பையும் எண்ணெயையும் குறைக்கும்படி டாக்டர் சொன்னார். அன்று ரசத்தைக் குடித்துவிட்டு மாமா, “ஏம்மா, இனிமே எனக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடுதானா?” என்று கேட்டார். அவருக்கென்று தனியாகச் சமைத்தால், பத்தியம் என்ற நினைப்பிலேயே பசி போய்விடும். அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்று முடிவு செய்தேன். அந்தச் சமையலுக்குக் கை கொடுத்தவை அஞ்சறைப் பெட்டியும், பால்கனியில் இருக்கும் நாலைந்து தொட்டிச் செடிகளும்தான்.

அதில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: அதே சீரகம், அதே கறிவேப்பிலை, அதே மிளகு. போடும் நேரத்தையும் விதத்தையும் மாற்றினால், குறைந்த உப்பிலேயே சாப்பாடு நிறைவாக இருக்கும்.

முதலில் உப்பை அளந்துவிடுங்கள்

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். காலை இட்லி மாவில் தொடங்கி இரவு மோர் வரை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு பேர். காலையிலேயே மூன்று டீஸ்பூன் உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன். அன்றைய சமையல் முழுக்க அதிலிருந்துதான். மீதியை பிரெட், பிஸ்கட், ஊறுகாய் வழியாகப் போகும் உப்புக்காக விட்டுவைக்கிறேன். கிண்ணம் கண்ணெதிரே இருந்தால் கை தானாகவே அளவாகப் போடும்.

ஒரேயடியாகக் குறைக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். சோறு வடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் உப்பு தேவையில்லை. பொரியலுக்கு இறக்கும் நேரத்தில் தூவுங்கள். காயின் மேலே ஒட்டியிருக்கும் உப்பு நேராக நாக்கில் படுவதால், கொஞ்சம் போட்டாலே கரிப்பு தெரியும்.

கடையில் வாங்கும் பாக்கெட்டில் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் அது 1 கிராம் உப்பு. அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, பாக்கெட் மசாலா எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புளிப்பு, உப்பின் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்

குழம்பில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் நம் கை உடனே உப்பு டப்பாவுக்குப் போகிறது. பெரும்பாலும் அங்கே குறைவது புளிப்பாக இருக்கும். கூட்டு, கீரை மசியல், சுண்டல் எதுவானாலும் அடுப்பை அணைத்த பிறகு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். இருக்கிற உப்பே எடுப்பாகத் தெரியும். கொதிக்கும்போது விட்டால் எலுமிச்சையின் மணம் போய்விடும். மாங்காய்க் காலத்தில் பருப்பில் நாலு துண்டு மாங்காய், மற்ற நாளில் நெல்லிக்காய் அல்லது நாட்டுத் தக்காளி. ஊறுகாய்க்குப் பதிலாக, நெல்லிக்காயைத் துருவி, பச்சை மிளகாயும் இஞ்சியும் தட்டிப்போட்டு, ஒரு சிட்டிகை உப்போடு பிசறி அன்றன்றைக்குச் செய்துவிடுகிறேன். நாள்பட வைத்திருக்கத் தேவையில்லை என்பதால் அதற்கு அதிக உப்பும் எண்ணெயும் தேவைப்படுவதில்லை.

ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளிப்பு

மசாலாக்களின் மணம் பெரும்பாலும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். ஆகவே எண்ணெயை முற்றிலும் ஒழிக்க வேண்டாம். இருக்கும் கொஞ்சத்தை முழுக்கப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அகலமான வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் பரவிப்போய், கடுகு காய்ந்து கருகும். குழிவான இரும்புத் தாளிப்புக் கரண்டியில் அதே எண்ணெய் ஓரிடத்தில் தேங்கி நிற்கும். கடுகும் சீரகமும் அதில் முங்கிப் பொரியும்.

வரிசையும் முக்கியம். கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பு, அது சிவக்கத் தொடங்கும்போது மிளகாய் வற்றல், பிறகு சீரகம், தீயை அணைத்துவிட்டுப் பெருங்காயம், கடைசியாகக் கறிவேப்பிலை. சீரகத்தை முதலிலேயே போட்டால் கடுகு வெடிப்பதற்குள் கருகிக் கசந்துவிடும். தாளித்ததைச் சாம்பாரில் கொட்டியவுடன் மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் மணம் முழுக்க உள்ளேயே இருக்கும்.

கடுகுக்கு இரண்டு குணம் உண்டு. எண்ணெயில் வெடித்தால் காரம் அடங்கி, வறுத்த பருப்பின் வாசம் வரும். பச்சையாகத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும் காரம் வரும். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடிக்கு அரை டீஸ்பூன் கடுகைப் பச்சை மிளகாயோடு அரைத்துவிட்டால், அதில் உப்பைத் தேடவே தோன்றாது.

வறுத்து, கொஞ்சமாகப் பொடிக்கவும்

மல்லி, மிளகு, சீரகம் மூன்றையும் எண்ணெயில்லாமல் தனித்தனியாக, சிறு தீயில் வறுக்க வேண்டும். ஒவ்வொன்றும் சூடேற எடுக்கும் நேரம் வேறு. ஒன்றாகப் போட்டால் மல்லி வறுபடுவதற்குள் சீரகம் கருகிவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் பொடியுங்கள். முழுதாக இருக்கும்வரை மணம் உள்ளே பத்திரமாக இருக்கும். பொடித்தபின் நாளுக்கு நாள் குறையும். ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் நான் பொடிப்பதில்லை. டப்பாவை அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் மணத்தைத் தின்றுவிடும். ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் டப்பாவைக் கவிழ்த்துத் தூவினால் ஈரம் ஏறிக் கட்டி பிடிக்கும்.

மிளகை மட்டும் அன்றன்றைக்கு இடிப்பது நல்லது. நெடுநேரம் கொதித்தால் அதன் காரம் நிற்கும், வாசம் போய்விடும். பாதியை முதலிலும் மீதியை இறக்கும்போதும் போட்டால் இரண்டும் கிடைக்கும்.

மஞ்சளை விரலியாக வாங்கி அரைத்துக்கொண்டால் கலப்படப் பயம் குறையும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023-ல் அந்தக் குறியீடு கிடைத்திருக்கிறது. குண்டாக, தடித்த தோலோடு இருக்கும் அந்த வற்றல் நாலைந்தைத் தாளிப்பில் போட்டால் நிறமும் மணமும் நன்றாக இருக்கும். கடைப் பெருங்காயத்தூளில் பிசினும் மாவும் கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இலைக்கு இலை நேரம் வேறு

கறிவேப்பிலை சூட்டைத் தாங்கும். எண்ணெயில் பொரிந்தால்தான் அதன் மணம் எழும்பும். கொத்தமல்லித் தழை தாங்காது. இறக்கிய பிறகு, கையால் கிள்ளிப் போட வேண்டும். தண்டைத் தூக்கி எறியாதீர்கள். தழையைவிட அது சூட்டைத் தாங்கும். பொடியாக நறுக்கி ரசம் கொதிக்கும்போது போடலாம், துவையலுக்கும் அரைக்கலாம். புதினாவைத் தயிரில் அரைத்துவிட்டால் சப்பாத்திக்கும் கிச்சடிக்கும் தொட்டுக்கொள்ளலாம். தொட்டியில் வளரும் கற்பூரவள்ளி இரண்டு இலையைக் கிள்ளிப்போட்டால் சாதாரண மிளகு ரசமே புதிதாகிவிடும்.

பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவைத்து அடுப்பில் போடுங்கள். நசுக்கும்போதுதான் அதன் காட்டமான மணம் உண்டாகிறது. உடனே சூட்டில் போட்டால் அது முழுதாக உருவாகாது. முழுப் பல்லாக வேகவைத்தால் காட்டம் இல்லாமல் இனிக்கும். கீரைக்கு நசுக்கிய பூண்டு, புளிக்குழம்புக்கு முழுப் பூண்டு என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

சில எச்சரிக்கைகள்

அஞ்சறைப் பெட்டி மாத்திரைக்கு மாற்று ஆகாது. மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொன்னால் மட்டுமே. சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ரத்தக் கொதிப்புக்குச் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். கேட்காமல் வாங்காதீர்கள். உப்பு குறைந்த இடத்தைக் காரத்தால் நிரப்பவும் வேண்டாம்; நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது தொல்லை.

ரசத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ரசம் ஒன்றை மாற்றுங்கள். நான்கு பேருக்குச் சிறு நெல்லிக்காய் அளவு புளி, பழுத்த தக்காளி இரண்டு, மஞ்சள் ஒரு சிட்டிகை, அரை டீஸ்பூன் உப்பு. மல்லித்தண்டோடு பச்சை வாசம் போகக் கொதிக்கவிட்டு, பருப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மிளகும் சீரகமும் ஒவ்வொரு டீஸ்பூன் எடுத்து, நாலு பல் பூண்டோடு கொரகொரப்பாக இடித்துப் போடுங்கள். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் இத்தனை பாடும் வீண். ஒரு டீஸ்பூன் நெய்யில் கடுகு, வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, மல்லித்தழை கிள்ளிப்போட்டு மூடுங்கள்.

எங்கள் மாமா இப்போது இந்த ரசத்தை டம்ளரில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடிக்கிறார். நீங்களும் குடித்துப் பாருங்கள். உப்பு போதவில்லை என்று தோன்றினால் முதலில் எலுமிச்சை, அடுத்து இன்னும் கொஞ்சம் இடித்த மிளகு. இரண்டும் சேர்த்த பிறகும் குறையாகத் தெரிந்தால் மட்டும் உப்புக் கிண்ணத்தை எடுங்கள்.