காசநோய்: அச்சம் எங்கே வேண்டும், அக்கறை எங்கே வேண்டும்?

ஒருவருக்குக் காசநோய் என்று உறுதி செய்யப்பட்டதுமே பல வீடுகளில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய் என்று பிரிவினை தொடங்கிவிடுகிறது. பேரக்குழந்தைகள் அருகே செல்லாதவாறு தடுக்கப்படுகின்றனர். உறவினர் வருகை நின்றுவிடுகிறது. ஆனால் அதே வீட்டில், நோயாளி படுத்திருக்கும் அறையின் சன்னல் மூடியே கிடக்கிறது. மாதக்கணக்கில் அவருடன் ஒரே அறையில் உறங்கியவர்களுக்கு எந்தப் பரிசோதனையும் செய்யப்படுவதில்லை. வேண்டாத இடத்தில் அச்சமும், வேண்டிய இடத்தில் அசட்டையும் நிலவுகின்றன. இதனால் நோயாளி மனம் நொந்து மருந்தை இடையில் நிறுத்துவதும் உண்டு; வீட்டில் மற்றொருவர் சில மாதங்களில் அதே நோயுடன் வருவதும் உண்டு. இந்த இரண்டையும் தவிர்க்க, நோய் எவ்வழியில் பரவுகிறது, எவ்வழியில் தடுக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

கிருமி ஒன்று; விளைவுகள் வேறு

காசநோய்க் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும், தும்மும்போதும், உரக்கப் பேசும்போதும் கிருமிகளைத் தாங்கிய மிக நுண்ணிய துகள்கள் வெளிப்படுகின்றன. காற்றோட்டம் இல்லாத அறையில் அவை பல மணி நேரம் மிதந்துகொண்டிருக்கும். அவற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலைக் கிருமி சென்றடைகிறது. இதுவே நோய் பரவும் வழி. தட்டு, தம்ளர், துணி, படுக்கை, கைகுலுக்கல் ஆகியவற்றால் காசநோய் பரவுவதில்லை.

கிருமி உடலில் புகுந்த அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரின் உடலில் இக்கிருமி புகுந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் 100க்கு 5 முதல் 10 பேர் வரையே வாழ்நாளில் என்றேனும் காசநோய்க்கு ஆளாகின்றனர். மற்றவர்களிடம் உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியை அடக்கி வைத்திருக்கிறது. அவர்கள் பிறருக்கு நோயைப் பரப்புவதுமில்லை.

ஆகவே காசநோயில் இரண்டு வாயில்கள் இருப்பதாகக் கொள்ளலாம். முதல் வாயில், கிருமி ஒருவரின் நுரையீரலை அடைவது. நோயாளியின் சளியில் எவ்வளவு கிருமிகள் உள்ளன, அவர் எத்தனை நாள் சிகிச்சையின்றி இருந்தார், உடன் இருந்தவர் எவ்வளவு நேரம் அதே காற்றைச் சுவாசித்தார், அந்த அறையில் காற்று எவ்வளவு மாறியது என்பவை இதனை முடிவு செய்கின்றன. இரண்டாம் வாயில், புகுந்த கிருமி நோயாக வளர்வது. இது பெரும்பாலும் உடலின் நிலையைப் பொறுத்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், ஊட்டச்சத்துக் குறைந்தவர்கள், நீரிழிவு நோயாளிகள், எச்.ஐ.வி. தொற்று உடையவர்கள், புகைபிடிப்பவர்கள், மது அருந்துபவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து மிகுதி. இரண்டு வாயில்களையும் அடைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அடைக்கும் முறை வேறு.

சென்னையில் நடந்த ஆய்வு

காசநோயாளியை வீட்டில் வைத்திருந்தால் குடும்பத்துக்கு ஆபத்து என்ற எண்ணம் புதியதன்று. ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் அவ்வாறே கருதியது. நோயாளிகள் மாதக்கணக்கில் காசநோய் நிலையங்களில் தங்கவைக்கப்பட்டனர். ஓய்வு, தூய காற்று, நல்ல உணவு ஆகியவை சிகிச்சையின் அடிப்படை எனக் கருதப்பட்டன. ஆனால் நம் நாட்டில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் படுக்கைகள் மிகக் குறைவாகவே இருந்தன.

இந்நிலையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. அதுவே இன்று சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அம்மையம் நகரின் ஏழை எளிய குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் காசநோய் நிலையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றனர். மற்றொரு பிரிவினர் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். நிலையத்தில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் செவிலியர் கவனிப்பும் வீட்டில் இருந்தவர்களைக் காட்டிலும் மிக நன்றாகக் கிடைத்தன.

1959இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். இரு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தினரையும் ஆய்வாளர்கள் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் நேரவில்லை. இதன் பிறகே உலகெங்கும் வீட்டிலிருந்தபடி சிகிச்சை பெறும் முறை வேரூன்றியது.

இதற்குக் காரணம் எளிது. குடும்பத்தினரிடம் கிருமி பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே சென்றுவிடுகிறது. சரியான மருந்து தொடங்கியதும் நோயாளியின் தொற்றுத்தன்மை விரைவாகக் குறைகிறது. பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே அது மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே குடும்பத்துக்கு ஆபத்தானவர், மருந்து உட்கொள்ளும் நோயாளி அல்லர். வாரக்கணக்கில் இருமியும் பரிசோதனைக்கு வராதவரும், மருந்தை இடையில் நிறுத்தியவருமே. மருந்துக்குக் கட்டுப்படாத வகைக் காசநோயில் மட்டும் இக்காலம் நீளலாம். அத்தகைய நோயாளிகளுக்கு எவ்வளவு காலம் கூடுதல் கவனம் தேவை என்பதை மருத்துவர் சொல்வார்.

திறந்த சன்னலின் வலிமை

முதல் வாயிலை அடைப்பதில் மருந்துக்கு அடுத்த இடம் காற்றோட்டத்துக்கு உரியது. பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் எட்டு மருத்துவமனைகளின் 70 அறைகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2007இல் வெளியாயிற்று. சன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்த அறைகளில் ஒரு மணி நேரத்தில் காற்று 28 முறை மாறியது. இயந்திரங்களால் காற்று செலுத்தப்பட்ட தனி அறைகளிலோ 12 முறையே மாறியது. உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே மிகச் சிறந்த காற்றோட்டம் உடையவையாக இருந்தன.

பணம் செலவாகாத இந்தப் பாதுகாப்பை நம் வீடுகளிலும் பெறலாம். எதிரெதிராக உள்ள இரு சன்னல்களையோ, ஒரு சன்னலையும் கதவையும் சேர்த்தோ திறந்து வைத்தால் காற்று நன்கு ஓடும். கொசுத் தொல்லைக்குச் சன்னல் வலையும் கொசுவலையும் உண்டு. ஒரே அறை உள்ள வீடாயின், சிகிச்சையின் முதல் சில வாரங்கள் நோயாளி திண்ணையிலோ முற்றத்திலோ சன்னலோரத்திலோ உறங்கலாம். குளிரூட்டப்பட்ட, மூடிய அறையில் அனைவரும் ஒன்றாக உறங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

உணவு தரும் காப்பு

இரண்டாம் வாயிலைப் பற்றி அண்மையில் ஒரு முக்கியமான உண்மை தெரியவந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், 2,800 காசநோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதிக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள்கள் வழங்கப்பட்டன. மற்றப் பகுதியில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது.

இதைச் சென்னை ஆய்வுடன் சேர்த்து நோக்கினால் ஓர் ஐயம் எழலாம். அங்கே நல்ல உணவு பெற்றவரும் பெறாதவரும் ஒரே அளவில் குணமடைந்தார்களே? நோயாளியைக் குணப்படுத்துவது முதன்மையாக மருந்து. எத்தகைய சத்துணவும் மருந்துக்கு ஈடாகாது. ஆனால் இன்னும் நோய்வாய்ப்படாத குடும்பத்தினருக்கு நல்ல உணவு எதிர்ப்பாற்றலை அளித்து, நோயைத் தலையெடுக்காமல் தடுக்கிறது. மிகவும் மெலிந்த நோயாளிக்கும் உணவு உயிர்காக்கும் துணையே. சிகிச்சையின் தொடக்கத்தில் எடை கூடியவர்களிடையே இறப்பு குறைவு என்பதையும் ஜார்க்கண்ட் ஆய்வு காட்டியது.

ஆகவே நோயாளிக்கு முட்டையும் பாலும் வாங்கிக் கொடுத்துவிட்டு, கவனித்துக்கொள்பவர் எஞ்சிய கஞ்சியைக் குடித்து நாளைக் கழிப்பது சரியன்று. பெரும்பாலும் அவ்வாறு செய்பவர் தாயோ மனைவியோ ஆவார். பருப்பு, பயறு, நிலக்கடலை, முட்டை, கீரை ஆகியவை வீட்டில் உள்ள அனைவரின் தட்டிலும் இடம்பெற வேண்டும். காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் அரசு வழங்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. வங்கிக் கணக்கு விவரத்தைக் காசநோய்ப் பிரிவில் அளித்து அதனைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் கவனிக்க வேண்டியவை

பல நோயாளிகள் கூடும் இடமாதலால் மருத்துவமனையில் கூடுதல் கவனம் தேவை. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால், சீட்டு வாங்கும் இடத்திலேயே அதனைத் தெரிவியுங்கள். அவ்வாறு தெரிவிப்பவரைக் கூட்டத்தில் காக்க வைக்காமல் விரைவில் பரிசோதிப்பதே முறை. இருமுபவர் முகக்கவசம் அணிய வேண்டும். அது துகள்கள் காற்றில் கலப்பதைக் குறைக்கும். சளி மாதிரியைக் கழிப்பறையிலோ மூடிய அறையிலோ எடுக்காமல், பிறர் இல்லாத திறந்த வெளியில் எடுங்கள். படுக்கைப் பிரிவின் சன்னல்களை மூடாதீர்கள். நோயாளிக்குத் துணையாக ஒருவர் இருந்தால் போதும். சிறு குழந்தைகளையும், நீரிழிவு முதலிய நோய் உள்ளவர்களையும் துணைக்கு அமர்த்த வேண்டாம்.

காசநோய் காற்றால் பரவினாலும், மருத்துவமனையில் பரவும் வேறு பல தொற்றுகள் கைகளால் பரவுகின்றன. வளரும் நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு அங்கே ஏதேனும் ஒரு தொற்று ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது. நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கைகளைத் தூய்மை செய்வது எங்கள் கடமை. உங்கள் கடமையும் அதுவே. நாங்கள் மறந்தால் நினைவூட்டுங்கள். அதனை நாங்கள் குறையாகக் கருதமாட்டோம்.

உடன் வாழ்வோர் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்றால், உடன் வாழும் அனைவரும் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் இருப்பின் தொடக்கத்திலேயே சிகிச்சை பெறலாம். நோய் இல்லை என்று உறுதியானால், மருத்துவரின் அறிவுரைப்படி தடுப்பு மருந்து உட்கொள்ளலாம். இது உடலில் அடங்கியிருக்கும் கிருமி நோயாக மாறாமல் தடுக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசமாகக் கிடைக்கிறது. "எனக்குத்தான் நோய் இல்லையே, மருந்து எதற்கு?" என்று பலர் கேட்கின்றனர். நோய் வருவதற்கு முன் உட்கொண்டால்தான் அதற்குத் தடுப்பு மருந்து என்று பெயர். பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கடும் வகைகளிலிருந்து காக்கிறது. ஆனால் பெரியவர்களுக்கு அதன் காப்பு உறுதியானதன்று.

சிகிச்சை பெறும் நோயாளியிடம் சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்காதீர்கள். துணையின்றி எழுந்து நிற்க இயலாமை, மூச்சுத் திணறல், மிகுந்த மெலிவு, கால்களில் வீக்கம், இருமலில் இரத்தம், கண்களில் மஞ்சள் நிறம், தொடர்ந்த வாந்தி ஆகியவை உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள். 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டம், கடும் மெலிவும் மூச்சுத் திணறலும் நிற்க இயலாமையும் உள்ள நோயாளிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, உள்நோயாளிகளாகச் சேர்த்துக் காப்பதையே நோக்கமாகக் கொண்டது.

நோயாளிக்கு ஆறு மாதங்கள் அல்லது அதற்கு மேலும் மருந்து தேவைப்படும். இருமல் நின்று உடல் தேறிய இரண்டாம் மாதத்திலேயே மருந்தை நிறுத்தத் தோன்றும். அந்த வேளையில் அருகில் அமர்ந்து, மாத்திரையை எடுத்துக் கொடுத்து, உட்கொண்டதை உறுதி செய்ய வீட்டில் ஒருவர் வேண்டும். ஒதுக்கி வைக்கப்பட்ட நோயாளிக்கு அந்த ஒருவர் இருப்பதில்லை. இன்றே நோயாளியின் அறைச் சன்னலைத் திறந்து வையுங்கள். அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது, வீட்டில் உள்ள அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.